வெறுங்காலில் ஓடப் பழகுவது: முதல் மூன்று மாதங்கள்

மெல்லிய அடி கொண்ட ஷூ ஒன்றை வாங்கி, மூன்றாம் நாளே அதில் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். பழைய ஷூவில் அந்தத் தூரம் எனக்குக் கால்வந்த கலை. இதில் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்கிற மிதப்பு. மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போய், மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பி நின்றுதான் இறங்க முடிந்தது. அதையும் பொருட்படுத்தாமல் மூன்று வாரம் ஓடினேன். பிறகு இடது பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாம் விரலுக்கு நேர் பின்னால், ஒரே ஒரு புள்ளியில் விரல் பட்டாலே உயிர் போனது. எலும்பில் மயிரிழை விரிசல். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்களை யாரு சார் துரத்தினாங்க?" என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதம் ஓட்டம் இல்லை.

நான் செய்தது வரிசை மாறிய வேலை. முதலில் முழு வெறுங்கால், அதன் பிறகே மெல்லிய ஷூ என்று போயிருக்க வேண்டும். கேட்பதற்கு ஏறுமாறாக இருக்கும். ஷூவிலிருந்து படிப்படியாகக் கழற்றிக்கொண்டு வருவதுதானே முறை என்று தோன்றும். ஆனால் உள்ளங்கால் தோல் இருக்கிறதே, அது எலும்புக்கு முன்பே புகார் சொல்லிவிடும். பழகாத கால் தார்ச்சாலையில் அரை கிலோமீட்டர் ஓடினாலே தோல் எரியத் தொடங்கும், நீங்களும் நிறுத்திவிடுவீர்கள். நான்கு மில்லிமீட்டர் ரப்பர் அந்த எரிச்சலை மட்டும் மறைத்துவிடுகிறது. எலும்புக்கும் நரம்புக்கும் தசைக்கும் அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. வாயைக் கட்டிவிட்டு அடிப்பதைப் போலத்தான் அது.

ஓடுவதில் என்ன மாறுகிறது

தடித்த குதிகால் மெத்தை உள்ள ஷூக்கள் பரவலானது 1970களுக்குப் பிறகுதான். அந்த மெத்தை இருக்கும் தைரியத்தில் காலை முன்னே நீட்டி, குதிகாலை ஊன்றி ஓடுகிறோம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலில் ஓடிப் பழகிய பலர் பாதத்தின் முன்பகுதியை முதலில் ஊன்றுகிறார்கள் என்றும், அப்படி ஊன்றும்போது குதிகால் மோதலின் திடீர் அதிர்ச்சி அநேகமாக இல்லை என்றும் காட்டியது. உலகம் முழுக்க ஷூவைக் கழற்றும் அலை எழுந்ததில் லீபர்மனின் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் 2013இல் வடக்குக் கென்யாவின் தாசனாச் மக்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், வெறுங்காலிலேயே வளர்ந்த அவர்களில் பெரும்பாலோர் மெதுவாக ஓடும்போது குதிகாலைத்தான் முதலில் ஊன்றினார்கள். ஆக, முன்பாதம் ஊன்றுவது ஒன்றே இயற்கை என்று யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

சுமை எங்கும் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. முழங்காலுக்குக் குறைகிறது, கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகால் எலும்போடு கட்டும் குதிநாணுக்கும், பாதத்தின் சிறு எலும்புகளுக்கும் கூடுகிறது. முழங்கால் தொந்தரவு உள்ள சிலருக்கு இதனால் ஆறுதல் கிடைப்பதும், குதிநாண் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது முற்றுவதும் இதனால்தான். காயமே வராது என்று நம்பி இறங்க வேண்டாம். ஐந்து விரல்களும் தனித்தனியாக நுழையும் ஷூவைச் செய்யும் வைப்ரம் நிறுவனம், உடல்நலப் பயன்களை ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், தவறு என்று ஒப்புக்கொள்ளாமலே 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதே வகை ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறியவர்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோரின் பாத எலும்பு மச்சையில் அழுத்தத்தின் அடையாளமான நீர்க்கோப்பு தெரிந்தது. பத்து வாரமே அவசரம் என்றால் என்னுடைய மூன்று நாளை என்னவென்று சொல்வது!

அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். எல்லோரும் சொல்லும் கதை. நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் அவரே ஷூ போட்டு, 2 மணி 12 நிமிடத்துச் சொச்சத்தில் மீண்டும் வென்றதை ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை. நம் நாட்டு ஷிவ்நாத் சிங்கும் பாதத்தில் டேப் மட்டும் சுற்றிக்கொண்டு ஓடியதற்காகப் பேசப்பட்டவர். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் பல பத்தாண்டுகள் தேசிய சாதனையாக நின்றது. இவர்கள் எல்லாம் சிறு வயதிலிருந்து காலைச் செதுக்கியவர்கள். நாமும் பள்ளி மைதானத்தில் வெறுங்காலில் ஓடியவர்கள்தான், மறுக்கவில்லை. அந்தக் கால் இப்போது நம்மிடம் இல்லை.

தொடங்கும் முன்

சர்க்கரை நோய் இருந்து, பாதத்தில் மரத்த உணர்வோ குத்தல் எரிச்சலோ இருந்தால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம். முள் குத்தியது தெரியாமல் போவதில்தான் கால் புண்கள் தொடங்குகின்றன. சர்க்கரை இருந்தும் உணர்வு நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்களும் பாதத்தை மருத்துவரிடம் ஒரு முறை சோதித்துக்கொண்டு வாருங்கள். கால் எலும்பு முறிவோ குதிநாண் வீக்கமோ சமீபத்தில் வந்தவர்கள் பொறுத்திருப்பது நல்லது. மற்றவர்கள் கடைசியாக டி.டி. ஊசி போட்டது எப்போது என்று பாருங்கள். நினைவில்லை என்றால் போட்டுக்கொண்டுவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்: ஓடவே கூடாது

வெளிநாட்டு வழிகாட்டிகள் "வீட்டுக்குள் ஷூவைக் கழற்றிவிட்டு நடங்கள்" என்று ஆரம்பிக்கும். நாம் செருப்பை வாசலில் விடுகிறவர்கள், அந்தப் பாடத்தில் ஏற்கெனவே தேர்ச்சி. அதனால் நேராக வெளியே போகலாம். மொட்டை மாடியில் நான்கு நாள், பிறகு தெருவில், தினமும் 20 நிமிட நடை. சின்னச் சின்னக் கற்கள் குத்தும். குத்தும்போது பாதத்தை இறுக்காமல், முழங்காலைத் தளர்த்திச் சட்டென்று எடையை அடுத்த காலுக்கு மாற்றப் பழகுங்கள். பின்னால் ஓடும்போது செய்யப்போவதும் அதுதான்.

கூடவே மூன்று வேலைகள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், மேல் வரிசைக்கு ஒரு கால், கீழ் வரிசைக்கு இன்னொரு கால். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, குதிகாலை உயர்த்தி, பிறகு மூன்று எண்ணும் வரை மெதுவாகப் படிக்குக் கீழே வரை இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. ஏற்றுவதை விட மெதுவாக இறக்குவதுதான் இதில் முக்கியம். மூன்றாவது, பெருவிரலை மட்டும் தூக்கி மற்ற நான்கையும் தரையில் வைத்திருப்பது, பிறகு அதற்கு நேர்மாறாக. முதல் நாள் கால் உங்கள் பேச்சைக் கேட்கவே கேட்காது. கையால் பிடித்து உதவினாலும் தப்பில்லை.

கணுக்காலின் நெகிழ்ச்சியைப் பார்க்க ஒரு சோதனை: குதிகால் தரையை விட்டு எழாமல் குத்தவைத்து உட்கார முடிகிறதா? எங்கள் அம்மாவுக்கு 70 வயதில் முடிகிறது. நான் முதலில் பின்பக்கமாக உருண்டேன். உருள்கிறவர்கள் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் குத்தவைத்து உட்காரலாம்.

எங்கே, எப்போது

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் புல்தரையையோ கடற்கரை மணலையோ தேடிப் போகிறார்கள். இரண்டும் வேண்டாம். மணல் மென்மையாக இருப்பதால் நீங்கள் எவ்வளவு தப்பாக ஊன்றினாலும் அது மன்னித்துவிடும், தப்பு அப்படியே படிந்துவிடும். குதிகால் புதைவதால் குதிநாணும் அதிகமாக இழுபடும். அலையோர ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். புல்லுக்குள் நெருஞ்சியும் பாட்டில் சில்லும் ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கெட்டியான, வழவழப்பான, சுத்தமான தரைதான் நல்ல ஆசிரியர்: பெருக்கிய சிமென்ட் பாதை, புதிதாகப் போட்ட தார்ச்சாலை, பள்ளி வளாகத்துக் கான்கிரீட். மதுரையில் நான் தெப்பக்குளத்தைச் சுற்றிய நடைபாதையில் பழகினேன், நடக்கிறவர்கள் கூட்டம் சேரும் முன்பே. வெளிச்சம் வந்த பிறகு, வெயில் ஏறும் முன்பு: காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை. இருட்டில் ஓடவே ஓடாதீர்கள். மே மாத மதியத்தில் தார்ச்சாலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும், கொப்புளத்துக்கு அரை நிமிடம் போதும்.

ஓடும் முறை

சித்திரை வெயிலில் கோயில் வெளிப்பிராகாரத்தில் கல் சுடும்போது எப்படிப் போவீர்கள்? காலை நீட்டிப் போட மாட்டீர்கள். குதிகாலை அறைந்து ஊன்ற மாட்டீர்கள். குட்டிக் குட்டி அடியாக, உடம்புக்கு நேர் கீழேயே வைத்து, வைத்த வேகத்தில் எடுத்துவிடுவீர்கள். முழங்கால் தானாகவே மடங்கியிருக்கும். வெறுங்கால் ஓட்டத்தின் முறை முழுவதும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பதற்றத்தையும் தோள் இறுக்கத்தையும் மட்டும் கழித்துவிடுங்கள்.

இனி சற்று விளக்கமாக. பாதம் தரையைத் தொடும்போது முதலில் படவேண்டியது, சிறு விரல்களுக்குப் பின்னால் உள்ள சதைப்பிடிப்பான மேட்டின் வெளி ஓரம். அங்கிருந்து பெருவிரல் பக்கமாகப் பாதம் விரியும். உடனே குதிகாலும் இறங்கித் தரையைத் தொட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் பகுதியில்தான். குதிகால் படவே கூடாது என்று நினைத்துப் பாலே நடனக்காரர் போல நுனிக்காலில் ஓடி, கெண்டைக்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குதிகால் இறங்கட்டும், இடிக்காமல் இறங்கட்டும். உண்மையில் பாதம் எப்படி ஊன்றுகிறது என்பதை விட எங்கே ஊன்றுகிறது என்பதே முக்கியம். இடுப்புக்கு வெகு முன்னால் விழுந்தால் முன்பாதத்தில் ஊன்றினாலும் அது பிரேக்தான்.

தரையை உந்தித் தள்ளாதீர்கள். காலைத் தூக்குவதில் மட்டும் கவனம் வையுங்கள், கீழே போவதைப் பூமி பார்த்துக்கொள்ளும்.

அடிகளின் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார். அநேகமாக எல்லோரும் நிமிடத்துக்கு 180 அடியோ அதற்கு மேலோ வைத்தார்கள். அவர்கள் போட்டி வேகத்தில் ஓடியவர்கள் என்பதால் உங்களுக்கு 180 கட்டாயமில்லை. 170ஐ ஒட்டி வந்தாலே பெரிய மாற்றம். அளக்கத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி வேண்டாம், "தகிட" போதும். ஓர் எழுத்துக்கு ஓர் அடி. ஒரு விநாடிக்கு ஒரு தகிட என்றால் சரியாக 180. இதில் இன்னொரு வசதி, எண்ணிக்கை மூன்று என்பதால் "த" ஒரு முறை வலது காலிலும் மறுமுறை இடது காலிலும் விழும். ஒரே காலை அழுத்தி ஊன்றும் பழக்கம் இருந்தால் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும். அடி வேகமாகும்போது ஓட்டமும் வேகமாகிவிடுகிறது என்று தொடக்கத்தில் எல்லோரும் மூச்சு வாங்குவார்கள். அடியின் நீளத்தைக் குறையுங்கள். நடக்கிறவர் உங்களை முந்திப் போகும் அளவுக்குக் குறைத்தாலும் பரவாயில்லை.

சரியாக ஓடுகிறோமா என்று காட்ட இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று காது: பட் பட் என்று சத்தம் வந்தால் தப்பு. இன்னொன்று தோல். பெருவிரலின் அடியில் கொப்புளம் என்றால் உந்தித் தள்ளுகிறீர்கள். முன்பாத மேட்டின் நடுவில் கொப்புளம் என்றால் காலை முன்னே போட்டுத் தேய்த்து நிறுத்துகிறீர்கள். குதிகால் தோல் வழன்றால் இன்னும் பழைய ஓட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். கொப்புளம் வந்த நாள் அதோடு முடிந்தது. ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி நான்கு முறை. அதாவது மொத்தம் நான்கு நிமிட ஓட்டம். அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும், அவ்வளவேதான். நான்காம் வாரம் அதை ஆறு முறையாக்குங்கள். ஐந்தாம், ஆறாம் வாரங்களில் ஓட்டம் மொத்தம் பத்து நிமிடம் வரை போகலாம். ஏழு, எட்டாம் வாரங்களில் நிற்காமல் ஒரு கிலோமீட்டர், பிறகு ஒன்றரை. அதற்குப் பின் வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள், நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் பாதியாகக் குறையுங்கள். மூன்று மாத முடிவில் இரண்டு கிலோமீட்டரைத் தொட்டிருந்தால் நன்றாகவே வந்திருக்கிறீர்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் தன் வழக்கமான ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. வெறுங்கால் பகுதியை முதலில் ஓடுங்கள், கால் களைப்பில்லாமல் இருக்கும்போது. பிறகு முதுகுப்பையில் உள்ள ஷூவைப் போட்டுக்கொண்டு மிச்சத்தை முடியுங்கள். பத்து கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிறகு "கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் வெறுங்காலில்" என்பதுதான் மோசமான யோசனை. தளர்ந்த கெண்டைக்கால் தாங்காது, அதன் வேலை எலும்பின் தலையில் விழும்.

எந்த வலிக்கு நிறுத்துவது

கெண்டைக்கால் இரண்டு நாள் பிடித்துக்கொள்வது சகஜம். வெந்நீர் ஊற்றி, நடந்து, அது போன பிறகு ஓடுங்கள். உள்ளங்காலின் வளைவில் மெல்லிய களைப்பும் அப்படியே. பயப்பட வேண்டியவை மூன்று. பாதத்தின் மேற்புறத்தில் ஒரு விரல் நுனியால் காட்டக்கூடிய இடத்தில் வலி, கூட லேசான வீக்கம்: அன்றே நிறுத்துங்கள், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பு விரிசல் ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதனால் "படத்தில் ஒன்றுமில்லை" என்பதை ஓடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் குத்துவது. மூன்றாவது, குதிநாண் காலையில் விறைத்துக்கொண்டு, தொட்டால் தடித்திருப்பது. பின்னவை இரண்டும் ஓட ஓடச் சூடேறி மறைந்துவிடும், அதுதான் ஏமாற்று வேலை. மறுநாள் காலையில் கூடியிருந்தால் இரண்டு வாரம் பின்வாங்குங்கள்.

ஷூ வாங்கும் கட்டம்

இரண்டு கிலோமீட்டர் வெறுங்காலில் நிம்மதியாக ஓட முடிந்த பிறகு இங்கே வாருங்கள். மழை, கருங்கல் ஜல்லி, நீண்ட தூரம், குளிர் நாடுகள் இவற்றுக்கெல்லாம் ஏதாவது ஒன்று வேண்டும்தான்.

வடக்கு மெக்சிகோவின் சிவாவா மலைகளில் வாழும் ராராமுரி மக்கள் நீண்ட தூர ஓட்டத்துக்குப் பெயர் போனவர்கள். அவர்களுடைய ஹுவாராச்சே செருப்பு, பழைய டயரை வெட்டி வாரால் கட்டியது. நம் ஊர் டயர் செருப்பின் பங்காளி என்றே சொல்லலாம். ஆனால் நம்முடையதில் குதிகாலைப் பிடித்துக்கட்டும் வார் பெரும்பாலும் இருக்காது, ஓடினால் கழன்று பறக்கும். ஹவாய் செருப்பு அதை விட மோசம். கழலாமல் இருக்க விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே இருக்கும், தளர்வாக ஓடவே முடியாது.

கடையில் பார்க்க வேண்டியவை விலையிலும் பெயரிலும் இல்லை. ஷூவை நுனியிலிருந்து சுருட்டினால் பாய் போலச் சுருள வேண்டும். ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கினால் முறுக வேண்டும். குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இதைத்தான் ஜீரோ டிராப் என்கிறார்கள். வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் பத்து மில்லிமீட்டர் போல உயர்ந்திருக்கும். பிறகு உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலோ வெளியே வழிந்தால், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அந்த ஷூ வேண்டாம். மாலையில் போங்கள், பகலெல்லாம் நின்ற கால் சற்று உப்பியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல்கட்டை இடம் இருக்கட்டும்.

வைப்ரம், ஸீரோ ஷூஸ், விவோபேர்ஃபுட் ஆகியவை இந்த வகைக்கென்றே பெயர் பெற்றவை. ஆல்ட்ராவின் பெரும்பாலான ஷூக்கள் சமதளமானவை, முன்பக்கம் அகலமானவை, ஆனால் மெத்தை உண்டு, இடைப்படியாக வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட பி.டி. பீரியடில் போட்ட வெள்ளைக் கான்வாஸ் ஷூ மெல்லியது, மலிவானது; முன்பக்கம் குறுகலாக இருப்பது ஒன்றுதான் குறை. ஒல்லிப் பாதக்காரர்களுக்கு அதுவே போதும். எதை வாங்கினாலும் முதல் நாள் வெறுங்காலில் ஓடும் தூரத்தில் பாதிதான்.

காலைப் பேணுவது

ஓடி வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். நெருஞ்சி என்றால் சுத்தமான ஊசியால் எடுத்துவிடலாம். கருவேல முள் உள்ளே ஒடிந்துவிட்டால் தோண்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். தோல் காய்ப்புக் காய்த்துப் பாறையாகிவிடும் என்று பயம் இருந்தால், ஆகாது. தடிமனாகும், ஆனால் தோல் பை போல மழமழவென்று ஆகும். பித்தவெடிப்பு உள்ளவர்கள் இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், வெடிப்புக்குள் மண் போனால் சீழ் பிடிக்கும்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரில் ஓட வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. ஊறிய தோல் சீக்கிரம் உரியவும் செய்யும். திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் உள்ள ஈர மண் பாதைகளில் கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாகவே ஏறும், அங்கே செருப்போடு போங்கள்.

கண் பத்தடி முன்னால் இருக்கட்டும். ஒவ்வோர் அடிக்கும் கீழே குனிந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும்.

கடைசியாக, தெருவில் கிடைக்கும் விசாரிப்புகள். ஷூ போட்டு ஓடியவரை ஐந்து வருஷம் ஏறெடுத்துப் பார்க்காத தெரு, வெறுங்காலைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிடும். கோலம் போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்னிடம், "ஏப்பா, செருப்பு அந்துபோச்சா?" என்றார். டீக்கடைப் பெரியவர் தன் பழைய செருப்பையே கழற்றிக் கொடுக்க வந்தார். குதிநாண், முன்பாதம் என்றெல்லாம் முதலில் விளக்கிப் பார்த்தேன், டீ ஆறியதுதான் மிச்சம். இன்னொரு நாள் பூக்காரம்மா, "வேண்டுதலா தம்பி? பழனிக்கா?" என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "முருகன் பாத்துக்குவான், மெதுவாப் போ" என்றார்.